பஹாமாஸ் போன இரவும் கரையில் விட்டுச் சென்ற கடிதமும்

மதிப்புக்குரிய ஐயா, அல்லது அம்மணி,

எங்கள் முதியோர் கூடத்தில் அங்கத்தவர்கள் தத்தம் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றை எழுதித் தருமாறு கேட்கப்பட்டபோது, பெரும்பாலானோர் முதன்முதலாகப் பனியைக் கண்ட நாளைப் பற்றியே எழுதினர். பனியை நானும் கண்டேன். அவர்கள் எழுதியதற்கு மேலாக அதுபற்றிச் சொல்வதற்கு என்னிடம் எதுவும் இல்லை. ஆகையால், எனது எழுபத்தோராவது வயதில், ஒரு பாய்ப்படகில் இரவு முழுவதும் பயணம் செய்து பஹாமாஸ் என்னும் தீவு நாட்டை அடைந்த விடயத்தை இங்கே எழுதுகிறேன். நான் பள்ளியில் படித்தது எட்டாம் வகுப்பு வரையில்தான். மிகுதியை நானே படித்துக்கொண்டேன். பிழைகள் இருப்பின் அவற்றுக்கு ஆசிரியர் எவரும் பொறுப்பல்லர்.

மொன்றியலின் லாசால் பகுதியில் நாங்கள் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒரே வீட்டில் வசிக்கிறோம். வேலிக்கு அப்பால் வசிப்பவர் ஒரு கியூபெக் மனிதர். நகரப் பேருந்துகளைத் திருத்தும் பணிமனையில் முப்பத்துநான்கு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் அவரை, ஐயா என்னும் பொருளில், மிசியே என்று அழைப்பேன். அவர் என்னை, அயலவர் என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லால் அழைப்பார். ஒருவர் பெயரை மற்றவர் அறிவோம். ஆனால் அவற்றை உச்சரிக்கும் முயற்சியை இருவரும் முதலாம் ஆண்டிலேயே கைவிட்டுவிட்டோம்.

மிசியேயிடம் முப்பத்தோரு அடி நீளமான பாய்ப்படகு ஒன்று இருந்தது. அதனை அவர் புளோரிடாவில் நிறுத்தி வைத்திருந்தார். குளிர்காலம் வந்ததும் இங்கிருந்து அங்கே போய், படகிலேயே தங்கி, பங்குனியில் திரும்புவார். மனைவி இருந்த காலத்தில் இருவரும் சேர்ந்து போனார்கள். அம்மையார் காலமானபோது படகின் சரிபாதி, உயில்படி, அவர்களது ஒரே மகளுக்குச் சேர்ந்தது. மகள் மருத்துவமனை ஒன்றில் இரவுத் தாதியாகப் பணிபுரிகிறார்.

அடுத்த குளிர்காலத்தில் மிசியே தனியாகக் கடலுக்குப் போனார். பாயின் கீழ்த்தடி திரும்பி அடித்ததில் மணிக்கட்டு முறிந்து, இரண்டு பகலும் ஓர் இரவும் மிதந்து திரிந்து, பின் ஒரு மீன்பிடிப் படகினால் கரை சேர்க்கப்பட்டார். அந்த இரண்டு நாளும் தகப்பனார் சுகமாக இருக்கிறார் என்ற நினைப்பிலேயே மகள் வேலைக்குப் போய் வந்திருக்கிறார். செய்தி அறிந்ததும் அவர் இரண்டு நிபந்தனைகள் விதித்தார். தகப்பனார் இனித் தனியாகக் கடலுக்குப் போகக்கூடாது. போகும்போதெல்லாம் கரையில் ஒருவரிடம் ஒரு கடிதம் இருக்கவேண்டும். படகின் நிறம், நீளம், அதில் இருப்போர், புறப்படும் நேரம், சேரும் நேரம் ஆகியன அதில் எழுதப்பட்டிருக்கும். குறித்த நேரத்துக்குள் தொலைபேசி வராவிட்டால், கடிதத்தை வைத்திருப்பவர் முதலில் கரையோரக் காவலுக்கும் பின்னர் மகளுக்கும் அறிவிக்கவேண்டும். இந்த ஒழுங்கு ஒரு தடவை தவறினாலும் படகு விற்கப்படும். சரிபாதி அவருடையது என்பதால் அவரால் அதைச் செய்ய முடியும். மிசியே மகளுக்குக் கை கொடுத்துச் சம்மதித்தார்.

நிபந்தனையின் முதற் பகுதியை நிறைவேற்றுவதற்கே மிசியே என்னை அழைத்தார். நான் ஒரு தீவிலிருந்து வந்தவன், ஆகவே எனக்குக் கடல் தெரிந்திருக்கும் என அவர் எண்ணினார். மொன்றியலும் ஒரு தீவுதான். அதில் வசிக்கும் எவரையும் இந்தக் காரணம் சொல்லி யாரும் கடலுக்கு அழைப்பதில்லை. எங்கள் ஊரிலிருந்து கடற்கரை ஒன்பது மைல் தூரம் என்பதையும், நாங்கள் வெங்காயம் செய்கிறவர்கள் என்பதையும், எனக்கு நீந்தத் தெரியாது என்பதையும் விளக்கினேன். தனக்கும் நீந்தத் தெரியாது என்றார். கோடையில் இரண்டு பின்னேரம் வேறொருவரின் படகில் ஏரிக்குக் கூட்டிச் சென்று, சுக்கானைப் பிடிக்கவும் ஒரே ஒரு முடிச்சுப் போடவும், உள்ளே போ என்றால் உள்ளே போகவும் கற்பித்தார். மூன்றாவதில் நான் திறமை காட்டியதாகச் சொன்னார்.

நிபந்தனையின் இரண்டாம் பகுதிக்கு என் மனைவி பொருத்தமானவர் என மகளே முடிவு செய்தார். என் மனைவி எந்நேரமும் வீட்டில் இருப்பவர். தொலைபேசியை முதலாவது மணியிலேயே எடுப்பவர். அவர் சம்மதிப்பாரா என்று மகள் என்னைக் கேட்டார். சம்மதிப்பார் என்றேன். மனைவியிடம் நான் கேட்கவில்லை.

இவ்விடத்தில் எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். எங்கள் ஆட்கள் பயணத்தை முன்கூட்டிச் சொல்வதில்லை. விசா கிடைத்ததையும் விமானச் சீட்டு எடுத்ததையும் போய்ச் சேர்ந்த பிறகே உறவினர் அறிவார்கள். கண்ணூறு படும் என்பது ஒரு காரணம். மற்றக் காரணம், நாங்கள் ஊரை விட்டுப் புறப்பட்ட காலத்தில் பயணம் போகும் செய்தி தவறான காதில் விழுந்தால் பயணம் மட்டும் நில்லாது, பயணியும் இல்லாமற் போகலாம் என்பது. நான் என் தாயாரிடம் கொழும்புக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்து சேர்ந்த இடம் மொன்றியல். அவ்வாறே, மிசியேயின் படகைக் கழுவிப் பூசுவதற்கு உதவியாக ஒரு கிழமை புளோரிடா போவதாக மனைவியிடம் சொன்னேன். போகிறவரை எங்கே என்று கேட்கக்கூடாது என்பதால் மனைவி மேற்கொண்டு எதையும் கேட்கவில்லை. மிசியே எழுதித் தந்த கடிதத்தை உறையோடு மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டு விமானம் ஏறினேன்.

புளோரிடாவில் ஐந்து நாள் காற்றுக்காகக் காத்திருந்தோம். கரைக்கும் பஹாமாஸுக்கும் இடையே ஒரு நீரோட்டம் வடக்கு நோக்கி ஓடுகிறது. வடகாற்று வீசும்போது அதில் இறங்கினால் அலைகள் சுவர் போல எழும்பும் என்று மிசியே சொன்னார். அந்த ஐந்து நாளும் படகை மெய்யாகவே கழுவிப் பூசினேன். ஆகவே மனைவியிடம் நான் சொன்னது பொய்யாகவில்லை.

ஆறாம் நாள் காற்றுத் தெற்குக்கு மாறியது. இரவு எட்டு மணிக்குப் புறப்பட்டு, காலை எட்டு மணிக்கு அக்கரையை அடைந்து, நண்பகல் பன்னிரண்டுக்கு முன்னர் தொலைபேசியில் அறிவிப்பது என்பது திட்டம். பிற்பகலில் மிசியே என்னை அருகில் நிறுத்தி, மனைவியை அழைத்துப் புறப்படும் நாளைச் சொல்லி, கடிதத்தின் உள்ளடக்கத்தை முழுமையாக விளக்கும்படி கேட்டுக்கொண்டார். நான் அழைத்தேன்.

கடலில் அகப்பட்டால், குறித்த நேரத்துக்குள் பேசாவிட்டால் என்றெல்லாம், புறப்படும் வேளையில் வாயால் சொல்வது எங்கள் வீட்டில் முடியாத காரியம். ஆகையால் நான் சொன்னது இவ்வளவுதான்: "இஞ்சரும், நாளைக்கு மத்தியானத்துக்கிடையிலை எடுக்கிறன். மேசை லாச்சிக்கை ஒரு கடிதம் கிடக்கு." மனைவி, "ஓம்" என்றார். சாப்பிட்டீர்களோ என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன்.

எல்லாம் விளக்கியாயிற்றா என்று மிசியே கேட்டார். எல்லாம் விளக்கியாயிற்று என்றேன். இத்தனை விடயங்களை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவல்ல மொழியைத் தாம் இதுவரை கேட்டதில்லை என்று அவர் பாராட்டினார். அப்பாராட்டை நான் ஏற்றுக்கொண்டேன். பின்னர் நிகழ்ந்தவற்றுக்கு அதுவே தொடக்கம்.

எட்டு மணிக்குப் புறப்பட்டோம். இருவரும் மார்பில் வார் கட்டி, வாரின் மறுமுனையைப் படகில் கொளுவியிருந்தோம். கரையின் மாடிக் கட்டடங்கள் வெகு நேரம் வரையில் பின்னால் ஒளிவிட்டுக்கொண்டிருந்தன. அவை விலகுவதாகவே தெரியவில்லை. நீரோட்டம் எங்களை வடக்கே தள்ளும் என்பதால் தென்கிழக்கைப் பார்த்துச் சுக்கானைப் பிடிக்கவேண்டும். போகாத இடத்தைப் பார்த்துக்கொண்டே போகவேண்டிய இடத்துக்குப் போவது எனக்குப் புதிதல்ல. மிசியே என் கைப்பழக்கத்தைக் கண்டு திருப்தி தெரிவித்தார்.

இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஆள் மாறினோம். என் முறையில் சுற்றுலாக் கப்பல் ஒன்று, ஒரு தெரு முழுவதையும் நிமிர்த்தி வைத்தாற்போல் விளக்குகளோடு முன்னே கடந்து போனது. அதன் மேற்றட்டில் ஆட்கள் நடனமாடிக்கொண்டிருந்தார்கள். நான் மிசியேயை எழுப்பவேண்டியிருந்தது. அவர் வந்து பார்த்துவிட்டு, அவர்கள் எங்களைக் காணமாட்டார்கள், நாங்கள்தான் அவர்களைக் காணவேண்டும் என்று கூறி மீண்டும் படுத்துக்கொண்டார். இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். காற்றுக்குக் கீழ்ப்பக்கத்தில் எடுக்கவேண்டும் என்பதை முதல் தடவையில் கற்றுக்கொண்டேன்.

மூன்று மணிக்குக் காற்று முற்றாக நின்றது. மிசியே இயந்திரத்தை இயக்கினார். ஐந்து மணிக்கு அது சூடேறி நின்றது. முப்பத்துநான்கு ஆண்டுகள் பேருந்து இயந்திரங்களோடு வாழ்ந்த மனிதர் அதனைக் கழற்றிப் பார்க்க இருபது நிமிடம் போதுமானதாக இருந்தது. கடல்நீரை உள்ளிழுக்கும் பம்பினுள் இருக்கும் ரப்பர்ச் சக்கரம் உடைந்திருந்தது. அதற்கு மாற்றுச் சக்கரம் உண்டா என்று கேட்டேன். உண்டு, லாசாலில், பின்வளவுக் கொட்டிலில், மேலிருந்து இரண்டாவது தட்டில், பெயரும் எழுதி ஒட்டி வைத்திருப்பதாகச் சொன்னார்.

விடிந்தது. கடல் எண்ணெய் ஊற்றியது போல் கிடந்தது. நீரோட்டம் எங்களைப் பேசாமல் வடக்கே கொண்டுபோய்க்கொண்டிருந்தது. கையடக்கத் தொலைபேசிகள் கரையைவிட்ட முதல் மணித்தியாலத்திலேயே செத்திருந்தன. மிசியேயிடம் இருந்தது கையில் பிடித்துப் பேசும் சிறிய வானொலி. அது தொலைவிலிருந்து வருவதைக் கேட்கும். ஆனால் நாங்கள் பேசுவது அதிக தூரம் போகாது. எட்டு மணியும் பத்து மணியும் கழிந்தன. மிசியே சிறிதும் கலங்கவில்லை. அவர் பிரெஞ்சில் கூறியதைத் தமிழில் எழுதுகிறேன்: "கடிதம் இருப்பது இதற்காகத்தான். பன்னிரண்டு மணிக்கு உமது மனைவி தொலைபேசியில் அறிவிப்பார். காவலர்கள் வானொலியில் எங்கள் படகைக் கூப்பிடுவார்கள். சேதமில்லை, தாமதம் மட்டுமே என்று நான் பதில் சொல்வேன். மகளும் அறிவாள். ஒழுங்கு தவறவில்லை."

இதைச் சொல்லும்போது அவருடைய முகத்தில் ஒருவகை மகிழ்ச்சி தெரிந்தது. நேரத்துக்கு வந்து சேர்ந்திருந்தால் ஒழுங்கு சரியாக இருக்கிறதென நிரூபித்திருக்க முடியாது. தாமதித்ததால் அது நிரூபணமாகப் போகிறது. படகு அவருக்கு மிஞ்சும்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் அவர் சட்டையை மாற்றிக்கொண்டு, வானொலியை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்தார். வானொலியில் காலநிலை வந்தது. வேறு படகுகளின் பேச்சு வந்தது. யாரோ ஒருவர் மீன் தூண்டிலுக்கான இரையைப் பற்றி நீண்ட நேரம் கதைத்தார். பன்னிரண்டரை ஆயிற்று. மிசியே பற்றரியைச் சோதித்தார். ஒரு மணி ஆயிற்று. அவர் என்னைப் பார்த்தார்.

நான் உண்மையைச் சொன்னேன். மனைவிக்கு நான் எதையும் விளக்கவில்லை என்பதையும், கடிதம் கிடக்கும் இடத்தை மாத்திரமே சொன்னேன் என்பதையும், எங்கள் வழக்கத்தையும் சொன்னேன். என் பிரெஞ்சு தொழிற்சாலையில் கற்றது. பெட்டிகளையும் பலகைகளையும் பற்றி அதில் நன்றாகக் கதைக்கலாம். இவ்வகைப் பேச்சுக்கு அது போதாது. ஆயினும் அவர் விளங்கிக்கொண்டார்.

"ஆகவே நாங்கள் இங்கே இருப்பது ஒருவருக்கும் தெரியாது" என்றார்.

அவர் என்னைத் திட்டவில்லை. வானொலியில் மூன்று தடவை கரையைக் கூப்பிட்டுப் பார்த்தார், மறுமொழி இல்லை. பின்னர் பாண் வெட்டி, வெண்ணெய்க்கட்டி வைத்து, பாதியை என்னிடம் தந்தார். நான் அதைத் தாளில் சுற்றி வைத்தேன். திட்டியிருந்தால் சாப்பிட்டிருப்பேன்.

ஒன்றரைக்குக் காற்று வந்தது. நாலரை மணியளவில், நாங்கள் நினைத்துப் புறப்பட்டதல்லாத, ஆயினும் அதே நாட்டைச் சேர்ந்த ஒரு தீவின் துறைமுகத்தை அடைந்தோம். குடிவரவு முடியும்வரையில் படகில் மஞ்சள் கொடி ஏற்றவேண்டும். படகின் தலைவர் மட்டுமே இறங்கலாம். ஆகவே மிசியே கடவுச்சீட்டுகளோடு இறங்கிப் போனார். நான் அந்தத் தீவு நாட்டைப் படகிலிருந்தவாறே ஒரு மணித்தியாலம் பார்த்தேன். ஒரு தகரக் கூரையும் ஒரு பெட்டிக்கடையும் மூன்று கோழிகளும் தெரிந்தன.

மிசியே அந்நாட்டுத் தொலைபேசி அட்டை ஒன்றை வாங்கி, முதலில் மகளை அழைத்திருக்கிறார். திரும்பி வந்து படகின் விளிம்பில் உட்கார்ந்தார். தாம் வந்து சேர்ந்ததாகச் சொல்லும் முன்னரே, நண்பகலிலேயே அது தனக்குத் தெரியும் என்று மகள் சொல்லியிருக்கிறார். இரவு வேலை முடிந்து வந்து, உறங்குவதற்கு முன், திட்டத்தைத் தகப்பனாரிடம் அறிந்திருந்த அவர் பன்னிரண்டு மணிக்கு என் மனைவியை அழைத்திருக்கிறார். தகப்பன் வந்துவிட்டார், நித்திரை கொள்கிறார் என்று என் மனைவி பதில் சொல்லியிருக்கிறார். என் மனைவி பல ஆண்டுகள் கார்தெறி எனப்படும் குழந்தைகள் காப்பகம் ஒன்றில் சமையல் செய்தவர். அங்கே மதியத்தில் குழந்தைகளைப் படுக்க வைக்கும்போது சொல்லும் சொல் டோடோ. பிரெஞ்சில் ஆம் என்பதற்கு வுயி, அப்பாவுக்குப் பாப்பா. அவர் மகளுக்குச் சொன்னது: "வுயி, வுயி. பாப்பா டோடோ." மகள் நிம்மதியாகப் படுத்துவிட்டார்.

மிசியே அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்திருந்தால் படகு அவரிடமே இருந்திருக்கும். ஒழுங்கு தவறவில்லை என்றே மகள் நம்பியிருந்தார். நானும் அங்கே இல்லை, கேட்பாரும் இல்லை. ஆனால் அவர் சொல்லிவிட்டார். "பன்னிரண்டு மணிக்கு நான் உறங்கவில்லை. இயந்திரமில்லாமல் நடுக்கடலில் இருந்தேன். ஒருவருக்கும் தெரியாது." இதுவே அவர் மகளிடம் சொன்னது. என்னிடம் திருப்பிச் சொல்லும்போது குரலில் ஏற்ற இறக்கம் இருக்கவில்லை. பிறகு, நீர் உமது மனைவியோடு பேசும் என்று தொலைபேசியை நீட்டினார்.

முதலாவது மணியிலேயே எடுக்கப்பட்டது.

"இஞ்சரும், நான்தான். வந்து சேர்ந்திட்டம்."

"ஓம், தெரியும்."

"என்னெண்டு தெரியும்?"

"நான்தானே அந்தப் பிள்ளைக்குச் சொன்னனான்."

"நீர் சொல்லேக்கை நாங்கள் கடலுக்கை நிண்டம்."

"அது எனக்குத் தெரியாதே. கடிதத்தை நேற்றே உடைச்சுப் பார்த்தனான். ரொக்ஸ்பரோவிலை இருந்து தங்கச்சியைக் கூப்பிட்டு வாசிப்பிச்சனான். நீச்சல் தெரியாத மனுசனுக்கு ராவிலை கப்பலோட்டம்."

"அதிலை ஒரு நம்பர் எழுதியிருந்ததெல்லே. பன்னிரண்டுக்குப் பேந்து அதுக்கு ஏன் அடிக்கேல்லை?"

"ஆருக்கு, நேவிக்கோ?"

"அது நேவி இல்லை. கரையோரக் காவல். ஆக்களைக் காப்பாத்திறவை."

"யூனிபோமும் போட்டு, போட்டிலை லைற்றும் அடிச்சுக்கொண்டு வாறவையோ?"

"ஓம்."

"பேந்தென்ன. சாப்பிட்டியளோ?"

நான் சாப்பிடவில்லை என்று சொன்னேன். அதற்குத்தான் அவர் கோபித்தார்.

பஹாமாஸில் நான்கு நாள் இருந்தோம். அழகான நாடு. ரப்பர்ச் சக்கரம் அங்கே வாங்கக் கிடைத்தது. திரும்பும் பயணத்தைப் பகலில் செய்தோம். அது பற்றி எழுதுவதற்கு ஒன்றும் நிகழவில்லை.

மொன்றியலுக்குத் திரும்பிய இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மிசியேயும் மகளும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். முற்றத்துப் பனி இடுப்பளவுக்கு இருந்தது. மனைவி தேநீர் ஊற்றி, வடை சுட்டு வைத்தார். மகள் உயரமானவர், மெதுவாகப் பேசுபவர். தனக்குக் கோபம் இல்லை என்று முதலில் சொன்னார். ஆனால் என் மனைவியிடம் இரண்டு கேள்விகள் கேட்கவேண்டும், நான் அவற்றை மொழிபெயர்க்கவேண்டும் என்றார். தவறு என்னுடையது, மனைவிக்கு நான் விளக்கவில்லை என்று குறுக்கிட்டேன். அதனைத் தகப்பனார் ஏற்கெனவே சொல்லிவிட்டார் என்றும், கேள்விகள் மனைவிக்கே என்றும் மரியாதையாகச் சொன்னார்.

முதற் கேள்வி, வந்து சேராதவரை வந்துவிட்டார், உறங்குகிறார் என்று ஏன் சொன்னீர்கள் என்பது.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து இருந்தார். "பிள்ளை, இவர் ஊரிலை சண்டைக் காலத்திலை ஒருக்கா ராவு வள்ளத்திலை அக்கரைக்கு வெளிக்கிட்டவர். விடியப்புறம், கரையிலை நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்கு நேவிக்காரர் வந்து கதவைத் தட்டி ஆள் எங்கையெண்டு கேட்டாங்கள். காய்ச்சலோடை அறைக்கை படுத்திருக்கிறார் எண்டன். தலகணியை வைச்சுப் போர்த்து மூடியிருந்தனான். வாசலிலை நிண்டு பார்த்திட்டுப் போட்டாங்கள். கடலிலை நிக்கிறார் எண்டு சொல்லியிருந்தால் தேடிப் போயிருப்பாங்கள். எங்கடை ஆள் எங்கை நிக்குதெண்டு ஆரும் கேட்டால் படுத்திருக்கிறார் எண்டுதான் வாயிலை வரும்."

இந்த நிகழ்ச்சியை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். எங்களுக்குத் திருமணமாகி நாற்பத்துநான்கு ஆண்டுகள். நான் வள்ளத்தில் அக்கரை சேர்ந்ததற்குக் காரணம் ஓட்டியின் சாமர்த்தியம் என்று இதுவரை எண்ணியிருந்தேன். தலகணியைப் பற்றி ஏன் ஒருபோதும் சொல்லவில்லை என்று அவ்விடத்தில் கேட்க முடியவில்லை, மொழிபெயர்க்கவேண்டியிருந்தது. தலகணி என்பதற்குப் பிரெஞ்சுச் சொல் எனக்கு மறந்துபோயிற்று. கையால் காட்டினேன். மகள் விளங்கிக்கொண்டு அந்தச் சொல்லை மெல்லச் சொல்லித் தந்தார்.

பின்னர் மகள் இரண்டாவது கேள்வியைக் கேட்டார். தகப்பனார் மீண்டும் கடலுக்குப் போய், குறித்த நேரம் தவறினால், இப்போது எல்லாம் விளங்கியபின், அந்த எண்ணுக்கு அழைப்பீர்களா? அழைப்பேன் என்று அவர் சொன்னால் இதனை ஒரு தவறாகக் கொள்ளாமல், படகை அப்படியே விட்டுவிடத் தான் ஆயத்தம் என்றும் சொன்னார்.

நான் அதனை ஒன்றும் குறையாமல் மொழிபெயர்த்தேன். மிசியே சீனிப் போத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி யோசித்தார். அவர் யோசித்து மறுமொழி சொல்வது அரிது, நான் அஞ்சினேன்.

"மாட்டன், பிள்ளை" என்றார். "ஆள் வராட்டில் நான் கும்பிடுவன், அழுவன், தேவையெண்டால் நானே தேடிப் போவன். அவங்களுக்குச் சொல்ல எனக்கு வாய் வராது. வருமெண்டு உமக்குச் சொன்னால் அது பொய்."

நண்பகலில் ஒரு பொய்யைத் தயக்கமின்றிச் சொன்னவர், நேருக்கு நேர் அமர்ந்து கேட்டபோது சொல்ல மறுத்துவிட்டார். மூவரும் என்னைப் பார்த்தார்கள். மேசையில் இரண்டு மொழியும் அறிந்தவன் நான் ஒருவனே. ஆம் என்பதற்குப் பிரெஞ்சில் ஒரு சொல். இல்லை என்பதற்கும் ஒரு சொல். எதைச் சொன்னாலும் மனைவிக்கு விளங்கியிருக்கும், ஆனால் வேலிக்கு அப்பாலுள்ளவருக்காக நான் சொன்னதை மறுத்திருக்கமாட்டார். படகு அந்த ஒரு சொல்லில் இருந்தது.

துறைமுகத்தில் மிசியே தம் மகளுக்குச் சொன்னதை நினைத்துக்கொண்டேன். அவர் சொன்னதை வைத்துக்கொண்டு நான் வேறொன்றைச் சொல்வது முறையாகாது. "நொன்", இல்லை, என்றேன். மிகுதியையும் சொன்னேன்.

மகள் என் மனைவியின் கையைப் பிடித்து நன்றி சொன்னார். பின்னர் தகப்பனாரிடம் பேசினார். "அன்றைக்கு நான் நன்றாக உறங்கினேன், பாப்பா. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. இனி யார் வந்து சேர்ந்துவிட்டார் என்று சொன்னாலும் நான் நம்பமாட்டேன். வேறொருவரைக் கரையில் வைத்தாலும் அப்படித்தான். என்னால் அப்படி இருக்க முடியாது."

மிசியே, "சரி" என்றார். மேலும் ஒரு வடை எடுத்துக்கொண்டார். அதைச் சாப்பிட்டு முடித்த பிறகு, இதில் உறைப்புக் கூட என்றார். மனைவி, அவருக்கென்று குறைத்துப் போட்டது அது என்று சொல்லும்படி என்னிடம் கூறினார். அதையும் மொழிபெயர்த்தேன்.

படகு சித்திரை மாதத்தில் விற்கப்பட்டது. வாங்கியவர் புளோரிடாவில் உள்ள ஒருவர். மிசியே ஒரு தடவை போய்க் கையெழுத்திட்டு, தமது சட்டைகளையும் இரண்டு தேநீர்க் கோப்பைகளையும் எடுத்துக்கொண்டு திரும்பினார். இவ்வாண்டு குளிர்காலம் முழுவதும் அவர் லாசாலில் இருந்தார். இருபத்திரண்டு ஆண்டுகளில் இதுவே முதல் தடவை. பனி அள்ளுவதற்கு அவருக்குப் பழக்கமில்லை. இருவரும் சேர்ந்து இரண்டு முற்றத்தையும் அள்ளினோம்.

என்மீது அவருக்கு மனத்தாங்கல் உண்டா என்று நான் கேட்டதில்லை. எனக்கு மனத்தாங்கல் உண்டு. விளக்கியாயிற்றா என்று கேட்டபோது இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், அவர் அப்போதே கரையில் வேறொருவரைத் தேடியிருப்பார்.

இனி ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். தெப்பனேர் என்று இங்கே சொல்லப்படும் மூலைக் கடையில் அயலவர்கள் படகை ஏன் விற்றீர் என்று கேட்கும்போது, முழங்கால் வலி என்று மிசியே பதில் சொல்லுகிறார். பலமுறை நான் அருகில் நின்று கேட்டிருக்கிறேன். அவருடைய முழங்காலில் எந்தக் குறையும் இல்லை. அவர் சொல்லி நான் கேட்ட பொய் அது ஒன்றே. என் மனைவியின் பேச்சு அதில் அடிபடக்கூடாது என்பதற்காகவே அவர் அதைச் சொல்லுகிறார் என்று நம்புகிறேன். இந்தக் கட்டுரையை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். "எழுதுங்கோ. நடந்ததுதானே" என்றார்.

முழங்கால் கதைதான் எங்கள் தெருவில் நிலைத்துவிட்டது. நடந்தது வேறெங்கும் எழுதப்படவில்லை, மிசியே எழுதமாட்டார். ஆகையால், ஐயா, அல்லது அம்மணி, இந்தத் தாள்களைக் கூடத்தின் அலுமாரியில் எறியாமல் வைத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.